நீதிமன்றம் பிரித்துவிட்டது, மாதா கோவில் ஏற்கவில்லை: நான் இப்போது யாருடைய மனைவி?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் 35 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் பிறப்பிலேயே கத்தோலிக்கர். 2014இல் தம் பங்கு ஆலயத்தில், மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, முறைப்படி ஒரு கத்தோலிக்கரை மணந்தார். அன்றே கோவில் அலுவலகத்தில் பதிவேட்டிலும் கையெழுத்திட்டார்கள். திருமணம் நிலைக்கவில்லை. 2022இல் இருவரும் சம்மதித்துப் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனு கொடுத்தார்கள். நீதிமன்ற உத்தரவின்படி முன்னாள் கணவர் மாதந்தோறும் இவருக்கு 600 ரிங்கிட்டும், ஒன்பது வயது மகளுக்கு 500 ரிங்கிட்டும் தவறாமல் செலுத்துகிறார். இப்போது 38 வயது இந்து நண்பர் ஒருவர் இவரை மணக்க விரும்புகிறார். வரும் தை மாதத்தில் திருமணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மண்டபமும் பார்த்துவிட்டார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பங்குத்தந்தை, முதல் திருமணம் செல்லாதது என்று திருச்சபைத் தீர்ப்பாயம் சொல்லும்வரை ஆலயத்தில் மணமுடிக்க இயலாது என்கிறார். அம்மாவோ, “பீடத்துக்கு முன்னால சொன்ன வார்த்தைய கோர்ட்டுல அழிக்க முடியுமா?” என்று கேட்கிறார், விவாகரத்து ஆனதிலிருந்து இவரை நற்கருணை (திருப்பலியில் பெறும் திருவிருந்து) வாங்கவும் அவர் விடவில்லை. பெரியம்மாவுக்கு வேறு பயம்: அனல்மென்ட், அதாவது முதல் திருமணம் செல்லாதது என்ற திருச்சபைத் தீர்ப்பு, வாங்கினால் பேத்தி முறைதவறிப் பிறந்த பிள்ளையாகிவிடுவாளாம். வருங்கால மாமியார், “நாங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல 1980ல தாலி கட்டினவங்க, எங்களுக்கு எந்த ஆர்.ஓ.எம்.?” என்று திருமணப் பதிவகத்தைச் சொல்லிச் சிரிக்கிறார். இதற்கிடையே தோழி ஒருவர், செபராங் பிறையில் தமக்குத் தெரிந்த ஜெபக்கூடத்துப் போதகர் ஆசீர்வாதம் செய்து சான்றிதழும் கொடுத்துவிடுவார், பதிவே செய்யாவிட்டால் அந்த 600 ரிங்கிட்டும் நிற்காது என்று யோசனை சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரியில் வாசகி கேட்கும் கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விக்கு வருமுன், ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். “என்னிடம் இருக்கும் கோர்ட்டுக் காகிதத்தில் டிக்ரி நைசை என்று போட்டிருக்கிறது, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓலை, ஆசீர்வாதம், தாலி, பதிவு ஆகிய எல்லாவற்றையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் இந்தக் காகிதத்தைப் பார்ப்போம்.

நைசை என்பது முடிவல்ல

முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தையும் மணமுறிவையும் நம் நாட்டில் ஆள்வது 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணமுறிவு) சட்டம், அதாவது 164ஆம் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அந்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு மணமுறிவுத் தீர்ப்பும் முதலில் நைசை என்ற இடைக்கால வடிவில்தான் வரும். நீதிமன்றம் காலத்தைக் குறைத்தாலொழிய, மூன்று மாதங்கள் கழிந்த பிறகே அதை முழுமையான தீர்ப்பாக, அதாவது டிக்ரி அப்சொலூட்டாக, மாற்றிக்கொள்ள முடியும். அந்த இரண்டாவது காகிதம் தானாகத் தபாலில் வந்து சேர்வதில்லை. அதற்கென்று ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்தில் பாக்கி இருந்தாலோ, கட்சிக்காரர் வீடு மாறியிருந்தாலோ, இந்த அடி எடுத்து வைக்கப்படாமலே கோப்பு மூடப்பட்டுவிடுவது உண்டு. வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வருவோரில் இப்படிப் பாதியில் நிற்பவர்களைப் பார்ப்பது எனக்கு அரிதான அனுபவம் அல்ல.

உங்களிடம் அப்சொலூட் இல்லையென்றால், திருச்சபையை விடுங்கள், அரசின் பார்வையிலேயே நீங்கள் இன்றும் உங்கள் முதல் கணவரின் மனைவிதான். அந்த நிலையில் தை மாதத்தில் நடக்கும் எந்தத் திருமணமும் செல்லாது. அதோடு, தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டுவரை சிறைக்கு இடமளிக்கும் இருமணக் குற்றமாகவும் ஆகக்கூடும். இன்னொரு விளைவையும் சொல்லிவிடுகிறேன். இன்று உங்களுக்கு ஏதேனும் நேர்ந்து, செல்லுபடியாகும் உயிலும் இல்லையென்றால், 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் உங்கள் சொத்தில் பாதியை மகளுக்கும், கால் பங்கை உங்கள் அம்மாவுக்கும், மீதமுள்ள கால் பங்கை இன்னும் சட்டப்படி கணவராக இருக்கும் அவருக்கும் கொடுக்கும். நீங்கள் பிரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு.

அப்சொலூட் வாங்கப்பட்டு, அது உங்கள் கைக்கு வராமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே பதறாதீர்கள், ஆனால் உறுதி செய்துகொள்ளாமல் மேலே போகவும் கூடாது. இனி நான் சொல்வதெல்லாம் அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கிறது என்ற அடிப்படையில்.

ஒரே சடங்கு, இரண்டு சாட்சிகள்

2014இல் உங்கள் பங்கு ஆலயத்தில் நடந்ததை நீங்களும் அம்மாவும் ஒரே நிகழ்ச்சியாக நினைவில் வைத்திருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சட்டத்தின் பார்வையில் அன்று இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. 164ஆம் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஓர் ஆலயத்தின் அல்லது கோயிலின் குருவைத் துணைத் திருமணப் பதிவதிகாரியாக அமைச்சர் நியமிக்க இடம் கொடுக்கிறது. உங்கள் பங்குத்தந்தை அத்தகைய நியமனம் பெற்றவர். வாக்குறுதியைக் கேட்டபோது அவர் திருச்சபையின் சாட்சி. பீடத்தை விட்டு இறங்கிவந்து பதிவேட்டை நீட்டியபோது அரசின் சாட்சி. ஒரே அங்கி, இரண்டு பதவி.

‘சாட்சி’ என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். ரோமன் கத்தோலிக்க மரபில் திருமணம் என்ற அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வது மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். 1563ஆம் ஆண்டுக்கு முன் குருவே இல்லாமல் இருவர் தனியே சொல்லிக்கொண்ட சம்மதம்கூடத் திருமணமாகக் கொள்ளப்பட்டது. அதனால் விளைந்த குழப்பங்கள் கொஞ்சமல்ல: ஒருத்தியிடம் இரகசியமாக வாக்குக் கொடுத்தவன், சாட்சி இல்லாத தைரியத்தில் இன்னொருத்தியை ஊரறிய மணந்துவிடுவான். அந்த ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம்தான், பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இருந்தால் மட்டுமே திருமணம் செல்லும் என்றும், மணமக்கள், சாட்சிகள், நாள், இடம் ஆகியவற்றைக் குரு ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதித்தது. பதிவேடு என்றாலே அரசாங்கத்தின் கெடுபிடி என்று நம் மக்கள் முகம் சுளிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். கோவில் அலுவலகத்து அலமாரியில் அந்தப் பழக்கத்துக்கு நானூற்றறுபது வயது.

ஓலையும் அப்படித்தான். மூன்று ஞாயிறு பெயர் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று கேட்பதைப் போலவே, பதிவதிகாரியிடம் நீங்கள் கொடுக்கும் திருமண அறிவிப்பையும் விளம்பரப்படுத்தி, 21 நாள் கழித்துத்தான் திருமணத்துக்கான சான்று கொடுக்கிறார்கள். தடை தெரிந்தவர் எதிர்ப்பு மனு போடலாம். அந்த அறிவிப்புப் பலகை, எழுந்து நின்று கேட்க ஆளில்லாத ஓலை, அவ்வளவுதான்.

ஆக, இருவர் சாட்சியாக நின்றார்கள். நீங்கள் இப்போது கேட்பது, ஒரு சாட்சி விடுவித்துவிட்டார், மற்றவர் விடுவிக்கவில்லை, அப்படியானால் நான் யார் என்று. அரசைப் பொறுத்தவரை பதில் ஐயத்துக்கு இடமற்றது. 2014இல் நடந்தது 164ஆம் சட்டத்தின் கீழான திருமணம். அதைக் கலைக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அப்சொலூட் வந்து மேல்முறையீட்டுக்கான காலமும் கடந்துவிட்டால் நீங்கள் மறுமணம் செய்துகொள்ளலாம். பதிவு இலாகாவில் நீங்கள் உறுதிமொழி கொடுக்கும்போது, “எந்தச் சட்டம், சமயம், வழக்கம், மரபின் கீழும்” வேறொருவருடன் மணவுறவில் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். சமயம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணை எனக்குத் தெரியும். அங்கே நீங்கள் பொய் சொல்லவில்லை. சட்டம் தேடுவது சட்டப்படி நிலைத்திருக்கும் திருமணத்தை. குரு முன்னின்று நடத்திய அதே திருமணத்தை நீதிமன்றம் கலைத்துவிட்ட பிறகு, அதன் சமயப் பாதி மட்டும் சட்டத்தில் தனியே உயிரோடு இருப்பதில்லை.

திருச்சபையைப் பொறுத்தவரை அம்மா சொல்வது தவறல்ல. அவருடைய நீதிமன்றத்தின் சட்டம் அதுதான். திருமுழுக்குப் பெற்ற இருவர் செல்லுபடியாக மணந்து, இல்லறமும் தொடங்கிவிட்டால், மரணத்தைத் தவிர வேறெந்த அதிகாரமும் அந்தப் பிணைப்பை அவிழ்க்க முடியாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1141ஆம் விதி. பங்குத்தந்தை உங்களிடம் கடுமை காட்டவில்லை. முந்தைய பிணைப்பு இல்லையென்று உறுதியாகும்வரை புதிய திருமணத்தை அனுமதிக்கக் கூடாதென்று 1085ஆம் விதி அவர் கையைக் கட்டியிருக்கிறது. அவரை நடத்தி வைக்கச் சொல்லி நீதிமன்றம் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 24ஆம் பிரிவு குருவுக்கு அதிகாரம் தருகிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. தன் சமய விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 11ஆம் விதி ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் கொடுத்திருக்கிறது. அதே வேளையில், நீங்கள் பதிவு இலாகாவில் மணந்துகொள்வதைத் தடுக்கத் திருச்சபைக்கும் எந்த அதிகாரமும் இல்லை.

வீட்டில் சொல்லப்படும் சில கருத்துகள்

பெரியம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் அது ஒரு குழந்தையைப் பற்றியது. உங்கள் மகள் பிறந்தபோது நீங்கள் சட்டப்படி மணமானவர். பின்னால் வந்த மணமுறிவு அதை மாற்றாது. திருச்சபைத் தீர்ப்பாயம் நாளை என்ன சொன்னாலும் பதிவு இலாகாவின் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறாது. திருச்சபையின் சொந்தச் சட்டமும் இதையே சொல்கிறது: ஒருவராவது நல்லெண்ணத்தோடு செல்லுமென்று நம்பிச் செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறைப்படியான பிள்ளைகளே என்பது 1137ஆம் விதி. பெரியம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

அனல்மென்ட் என்பது கத்தோலிக்கர்களின் விவாகரத்து என்று பலர் நினைக்கிறார்கள். விவாகரத்து, இருந்ததை முடிக்கிறது. இது, திருமண நாளன்று தேவையான ஒன்று இல்லாமலிருந்ததா என்று ஆராய்கிறது: வற்புறுத்தலா, மறைக்கப்பட்ட உண்மையா, திருமணத்தின் பொறுப்புகளை எடைபோடும் பக்குவமே அப்போது இல்லையா, ஆரம்பத்திலேயே பிள்ளை வேண்டாமென்றோ விசுவாசமாக இருக்கப்போவதில்லையென்றோ ஒருவர் மனத்துக்குள் தீர்மானித்திருந்தாரா என்பன போன்றவை. பிற்காலத்தில் சண்டை வந்தது என்பது மட்டும் காரணமாகாது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், திருமணத்துக்கு முந்தைய வாரம் நடந்ததாக நீங்கள் எழுதியிருப்பதை இங்கே வெளியிடவில்லை; ஆனால் தீர்ப்பாயத்திடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். முன்னாள் கணவருக்குத் தகவல் அனுப்புவார்கள், அவர் தரப்பையும் கேட்பார்கள். ஆனால் அவர் சம்மதித்தால்தான் வழக்கு நடக்கும் என்பதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு தீர்ப்பாயங்கள் ஒத்த தீர்ப்பு வழங்கியாக வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் நீங்கிவிட்டது.

நற்கருணை விஷயத்தில் நான் அதிகம் பேசக்கூடாது. நான் வழக்கறிஞர், மறைக்கல்வி ஆசிரியர் அல்ல. ஆனாலும் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடம் அதுதான். நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றுத் தனியே வாழ்கிறவர், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதில்லை. கேள்வி எழுவது மறுமணத்துக்குப் பிறகுதான். அப்போதும் அவர் சபையிலிருந்து தள்ளப்பட்டவர் அல்லர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆகஸ்டில் வெளிப்படையாகவே சொன்னார். மூன்று ஆண்டுக்கும் மேலாக ஞாயிறுதோறும் வரிசையில் எழாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே பங்குத்தந்தையிடம் நேரடியாகக் கேளுங்கள். அம்மாவையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

வருங்கால மாமியார் சொன்னதும் உண்மைதான், அவருடைய காலத்துக்கு. 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் எந்தச் சமயத்தின், வழக்கத்தின்படி செல்லுபடியாக நடந்த திருமணமும் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. தோட்டத்துக் கோயிலில் 1980இல் கட்டிய தாலிக்குச் சட்டம் தலைவணங்குகிறது. அதே தாலியை அதே கோயிலில் இன்று கட்டினால் மட்டும் போதாது.

ஜெபக்கூடத்துச் சான்றிதழ்

தோழியின் யோசனைக்கு வருகிறேன். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் உங்கள் முன்னாலிருக்கும் வழிகளில் இதைவிட மோசமானது வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். தங்க நிறக் கரை, மேலே இரண்டு புறாக்கள், கீழே போதகரின் கையெழுத்து, சபையின் உருண்டை முத்திரை. பார்க்க என் திருமணச் சான்றிதழைவிட அழகாக இருந்தது. அதில் இல்லாதது ஒன்றே ஒன்று, பதிவு எண். அந்தப் போதகர் துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டவரே அல்லர். “பேப்பர் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அன்று சொன்னாராம். பிறகு யாரும் பார்க்கவில்லை. சொக்சோவிலிருந்து (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வங்கிவரை ஒவ்வொரு முகப்பிலும் அந்தப் புறாக்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். மகனின் பெயரில் கோர வேண்டியதை ஒருவாறு கோர முடிந்தது. மனைவி என்ற இடத்தில் நிற்க அவர் பட்ட பாடு தனிக்கதை.

சட்டப்படி, பதிவதிகாரியின் சான்றோ உரிமமோ இல்லாமல், அதற்கு ஈடாகச் சட்டம் ஏற்கும் உறுதிமொழியும் இல்லாமல் நடத்தப்படும் திருமணம் செல்லாது; அதிகாரமின்றி நடத்தி வைப்பவருக்கும் அது குற்றம். இணையத்தில் தேடியபோது 34ஆம் பிரிவைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பதிவாகவில்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு திருமணம் செல்லாததாகாது என்று அது சொல்வது உண்மை. அதைப் பற்றிக்கொண்டு, பதிவு செய்யப்படாத இந்து வழக்கத் திருமணத்தை உயர் நீதிமன்றம் ஏற்ற தீர்ப்பும் உண்டு, ஒருவர் இறந்தபின் எழுந்த இழப்பீட்டு வழக்கில். ஆனால் எல்லா நீதிபதிகளும் அந்தப் பிரிவை அப்படி வாசிக்கவில்லை. இருவர் வாழ்க்கையைத் தொடங்கும்போதே, ஒருவர் இறந்தால் மற்றவர் ஒரு வழக்கில் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் தொடங்குவது அறிவுடைய காரியமா என்று நீங்களே யோசியுங்கள். உறவு கசந்தாலும் இதே கதை: பதிவு செய்யப்பட்டதாகவோ, அப்படிக் கருதத்தக்கதாகவோ இல்லாத திருமணத்தை முறிக்க நீதிமன்றம் போனால், முதலில் திருமணம் நடந்ததா என்பதிலேயே வழக்கு சிக்கிக்கொள்ளும்.

பிள்ளை பிறந்தால் இன்னும் சிக்கல். மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையாகப் பதிவானால், உயில் எழுதாத தந்தையின் சொத்தில் அந்தப் பிள்ளைக்கு இயல்பாக வரவேண்டிய பங்கு கேள்விக்குரியதாகிவிடும். பெரியம்மா பயந்த நிலை அனல்மென்டில் இல்லை; தோழி காட்டும் குறுக்கு வழியில்தான் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த வழியை ஏற்காது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிமைச் சட்டம் ஏற்க முடியாத திருமணத்தை ஆயரின் அனுமதியின்றி நடத்தக் கூடாது என்று 1071ஆம் விதி குருக்களைக் கட்டுப்படுத்துகிறது. வேறொரு சபைப் போதகரின் முன் நடக்கும் சடங்கு உங்களுக்குத் திருச்சபைத் திருமணமும் ஆகாது. ஆக அரசிடமும் இல்லை, திருச்சபையிடமும் இல்லை.

அந்த 600 ரிங்கிட்டைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். முன்னாள் துணையிடமிருந்து பெறும் ஜீவனாம்ச உரிமை, பெறுபவர் மறுமணம் செய்தாலும் நிற்கும், திருமணம் இல்லாமல் வேறொருவருடன் குடும்பம் நடத்தினாலும் நிற்கும் என்பது 82ஆம் பிரிவு. பதிவை ஒளித்து அந்தப் பணத்தைக் காப்பாற்ற முடியாது. உண்மையை மறைத்து வாங்கினீர்கள் என்ற பழிதான் மிஞ்சும். மகளுக்கு வரும் 500 ரிங்கிட் வேறு கணக்கு. அது அவளுடைய உரிமை, நீங்கள் யாரை மணந்தாலும் அது நிற்காது. 18 வயதுக்குப் பிறகும் அவள் மேற்படிப்பில் இருந்தால் படிப்பு முடியும்வரை நீடிக்க, 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் வழி செய்திருக்கிறது.

உங்கள் முன்னாலிருக்கும் இரண்டு வழிகள்

முதல் வழி, காத்திருப்பது. இப்போதே மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, முடிவு சாதகமாக வந்தபின் ஆலயத்தில் மணந்துகொள்வது. மணமகன் இந்துவாக இருப்பதால் ஆயரின் விதிவிலக்கு தேவைப்படும். ஆனால் உங்கள் வீட்டார் சொல்வதுபோல் அவர் திருமுழுக்குப் பெற்றே ஆகவேண்டும் என்பதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்க இயன்றதைச் செய்வதாக உறுதி கொடுக்க வேண்டியவர் நீங்கள்; அந்த உறுதி அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவே. அதை அவருடைய அம்மாவும் இப்போதே அறிந்திருப்பது நல்லது. இந்த வழியில் உள்ள இடர், தீர்ப்பு உங்கள் தை மாதத்துக்காகக் காத்திருக்காது என்பதும், அது பாதகமாகவும் வரலாம் என்பதும்தான்.

இரண்டாவது வழி, சட்டப்படி முதலில் மணந்துகொள்வது. பதிவு இலாகாவில் செய்யலாம். அல்லது துணைப் பதிவதிகாரி உள்ள இந்துக் கோயிலில் தாலி கட்டி அங்கேயே பதியலாம். இருவரில் ஒருவர் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தால் போதும் என்பதால் நீங்கள் கத்தோலிக்கராக இருப்பது அங்கே தடையல்ல. அரசின் முன் இது முழுமையான திருமணம், குறைப் பிரசவம் அல்ல. திருச்சபையின் முன் இது குறைதான். தீர்ப்பாயத்தின் முடிவு வரும்வரை நற்கருணை குறித்த கட்டுப்பாடு இப்போது உண்மையாகவே எழும். பின்னாளில் முதல் திருமணம் செல்லாதது என்று தீர்ப்பானால், இந்தத் திருமணத்தைத் திருச்சபையில் முறைப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. அப்போது அரசுப் பதிவேட்டில் மறுபடி கையெழுத்திடக் கூடாது என்பதைக் குருவிடம் நினைவூட்டுங்கள். ஒரு தம்பதிக்கு ஒரு பதிவுதான்.

எது சரியென்று கேட்டால், சட்டத்தில் இரண்டும் சரி. என் கட்சிக்காரராக என் எதிரே நீங்கள் உட்கார்ந்திருந்தால், தீர்ப்பாயத்துக்கு மனு போட்டுவிட்டுச் சில மாதமாவது பொறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏனென்றால் உங்கள் ஏழு பக்கத்தில் இரண்டு பக்கம் நீங்கள் இழந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது. ஆனால் அவசரத்துக்கு வேறு காரணம் இருந்து, கடிதத்தில் அதை எழுதத் தயங்கியிருந்தால், இரண்டாவது வழியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த வழியானாலும் இரண்டு காகிதங்களை எடுத்துப் பாருங்கள். விவாகரத்துக்குப் பிறகு வீட்டை மகளுக்கு எழுதி வைத்ததாகச் சொன்ன உயில், நீங்கள் மறுமணம் செய்த அன்றே ரத்தாகிவிடும்; வரப்போகும் திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டது என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தால்தான் நிலைக்கும். ஆகவே புதிதாக எழுதுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். 2014இல் கல்யாணமான புதிதில் எழுதிய பெயரே இன்னும் இருக்கிறதென்றால், அதை நீங்கள் போய் மாற்றினாலொழிய அது அங்கேயேதான் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், திங்கட்கிழமை காலை லெபோ லைட்டிலுள்ள உயர் நீதிமன்றத்தின் பதிவகத்துக்குப் போங்கள். நைசை காகிதத்தின் தலைப்பில் இருக்கும் மனு எண்ணையும் அடையாள அட்டையையும் கொண்டுபோய், அப்சொலூட் பிறப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பதிவு இலாகாவும் அதைக் கேட்கும், தீர்ப்பாயமும் கேட்கும். இல்லையென்றால், அன்றைய உங்கள் வழக்கறிஞரையோ வேறொருவரையோ கொண்டு விண்ணப்பியுங்கள். இடையில் கடந்துவிட்ட காலத்துக்கு நீதிமன்றம் விளக்கம் கேட்டால், நடந்ததை உள்ளபடி சொன்னால் போதும். அந்தப் பதில் கையில் கிடைக்கும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.